பஸ்ஸத்தோரே ஓட்டப் பாதை: புளோரன்ஸ் முதல் ஃபயென்சா வரை

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் தொடங்கி, அப்பென்னைன் மலைத்தொடரைக் கடந்து, ஃபயென்சா நகரில் முடியும் நெடுந்தொலைவு ஓட்டப் போட்டி 'பஸ்ஸத்தோரேயின் நூறு கிலோமீட்டர்' என்று அழைக்கப்படுகிறது. 1973ஆம் ஆண்டு முதன்முதலாக நடத்தப்பட்ட இப்போட்டி, ஐரோப்பாவின் பழமையான நூறு கிலோமீட்டர் ஓட்டங்களுள் ஒன்றாகும். வழக்கமாக மே மாத இறுதிச் சனிக்கிழமை பிற்பகலில் தொடங்கி ஞாயிறு முற்பகல் வரை நடைபெறும். பெரும்பாலான ஓட்டக்காரர்கள் இரவு முழுவதும் மலைச்சாலையிலேயே இருப்பார்கள்.

இப்போட்டிக்கு 'பஸ்ஸத்தோரே' என்ற பெயர் ஒரு கொள்ளையனிடமிருந்து வந்தது. ஓட்டம் செல்லும் சாலையோ இரண்டு அரசுகளைப் பிரித்த எல்லையையும், இரண்டாம் உலகப்போரின் போர்க்களத்தையும், அடிக்கடி கரை உடைக்கும் ஓர் ஆற்றின் பள்ளத்தாக்கையும் கடந்து செல்கிறது. ஆகவே இந்தப் பாதையின் வரலாறு விளையாட்டு வரலாறாக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஒரு வட்டாரம் தன் கடந்த காலத்தில் எதைக் கொண்டாடியது, எதை ஒதுக்கி வைத்தது என்பதையும் அது காட்டுகிறது.

பாதையின் அமைப்பு

புளோரன்ஸ் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில் ஆர்னோ ஆற்றங்கரையில் உள்ளது. ஓட்டம் நகர மையத்தை விட்டு வெளியேறியதும் ஃபியேசொலே குன்றின் மீது ஏறுகிறது. ஃபியேசொலே, புளோரன்சைவிடப் பழமையான எட்ரஸ்கன் ஊர். அதன் பழைய மதில்களும் உரோமானிய அரங்கும் இன்றும் உள்ளன. அங்கிருந்து ஒலிவத் தோப்புகளுக்கிடையே மேலும் ஏறி, 16ஆவது கிலோமீட்டர் அளவில் 518 மீட்டர் உயரமுள்ள வெத்தா லே குரோச்சி என்னும் மேட்டைப் பாதை அடைகிறது.

பின்னர் சாலை முஜெல்லோ சமவெளியை நோக்கி இறங்குகிறது. மெதிச்சி குடும்பத்தின் பூர்வீக வட்டாரம் இதுவே. ஓவியர் ஜோத்தோ பிறந்ததாகச் சொல்லப்படும் விக்கியோ ஊரும் இச்சமவெளியில்தான் உள்ளது. சமவெளியின் முக்கிய ஊரான போர்கோ சான் லொரென்சோ, பாதையின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தொலைவில், 193 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

அடுத்து வருவதே முதன்மையான ஏற்றம். ரொன்தா, ரத்சுவோலோ ஆகிய சிற்றூர்களைக் கடந்து சாலை வளைந்து வளைந்து மேலேறி, 48ஆவது கிலோமீட்டரில் 913 மீட்டர் உயரமுள்ள கொல்லா தி கசாலியா கணவாயைத் தொடுகிறது. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் 720 மீட்டர் உயரம் ஏற வேண்டியிருக்கிறது. பாதையின் மிக உயர்ந்த இடமும் அதன் நடுப்புள்ளியும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துள்ளன.

கணவாய்க்கு அப்பால் லமோனே ஆறு பிறக்கிறது. அதன்பின் ஓட்டம் முடியும் வரை இந்த ஆறே வழித்துணை. மர்ராதி (65ஆவது கி.மீ.), பிரிசிகெல்லா (88ஆவது கி.மீ.), ஃபயென்சா ஆகிய மூன்று ஊர்களும் லமோனே பள்ளத்தாக்கில் அமைந்தவை. கணவாயிலிருந்து மர்ராதி வரையிலான இறக்கம் எளிதாகத் தோன்றினாலும், ஓட்டக்காரர்கள் அதற்கே அதிகம் அஞ்சுவார்கள். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்ட நிலையிலேயே உடலின் எடையைத் தாங்கி நிறுத்த வேண்டியிருப்பதால், தசை நார்கள் ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் மிகுதியாகச் சேதமடைகின்றன. 48 கிலோமீட்டர் ஓடிக் களைத்த கால்களோடு ஏறத்தாழ 600 மீட்டர் இறங்கிய பிறகும் 35 கிலோமீட்டர் மீதமிருக்கும்.

மலையும் எல்லையும்

அப்பென்னைன் மலைத்தொடர் இத்தாலியின் முதுகெலும்பு போல நீண்டு கிடக்கிறது. கொல்லா கணவாயின் ஒருபுறம் பெய்யும் மழை ஆர்னோ வழியாக மேற்குக் கடலுக்கும், மறுபுறம் பெய்யும் மழை லமோனே வழியாகக் கிழக்கே ஏட்ரியாட்டிக் கடலுக்கும் செல்கிறது. நீர் பிரியும் இந்தக் கோட்டிலேயே தஸ்கனி முடிந்து ரொமாஞா தொடங்கியிருக்க வேண்டும் என்று நிலப்படத்தைப் பார்ப்பவர்கள் எண்ணக்கூடும். ஆனால் அரசியல் எல்லை அப்படி அமையவில்லை.

பதினைந்தாம் நூற்றாண்டில் புளோரன்ஸ் மலையைத் தாண்டிக் கிழக்குச் சரிவில் இருந்த ஊர்களையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. அந்தப் பகுதிக்கு 'தஸ்கனி ரொமாஞா' என்று பெயர் வழங்கியது. மர்ராதி அதில் அடங்கியது. அதற்குக் கீழே பள்ளத்தாக்கில் இருந்த பிரிசிகெல்லாவும் ஃபயென்சாவும் போப்பரசின் ஆட்சியில் இருந்தன. எனவே 1859–60இல் இத்தாலிய ஒன்றிணைப்பு நடைபெறும் வரை, மர்ராதிக்கும் பிரிசிகெல்லாவுக்கும் இடையே செல்வது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் செல்வதாகவே இருந்தது.

1923இல் முசோலினியின் அரசு தஸ்கனி ரொமாஞாவின் பெரும்பகுதியை ஃபொர்லி மாகாணத்துக்கு மாற்றியது. மர்ராதி மட்டும் வேறு இரண்டு ஊர்களுடன் புளோரன்ஸ் மாகாணத்திலேயே தங்கிவிட்டது. அதனால் இன்றும் ஓட்டக்காரர்கள் மலையுச்சியைத் தாண்டி நெடுந்தொலைவு இறங்கிய பிறகே தஸ்கனியை விட்டு வெளியேறுகிறார்கள். மர்ராதி மக்களின் பேச்சிலும் உணவிலும் ரொமாஞாவின் சாயல் இருந்தாலும், நிர்வாகத்தில் அவர்கள் தஸ்கனியைச் சேர்ந்தவர்கள்.

1893இல் புளோரன்சையும் ஃபயென்சாவையும் இணைக்கும் மலை இரயில் பாதை முழுமை பெற்றது. கோவேறு கழுதைகளும் வண்டிகளும் கடந்த மலையைச் சுரங்கங்கள் வழியே இரயில் கடக்கத் தொடங்கியது. கஷ்கொட்டைத் தோப்புகளை நம்பி வாழ்ந்த மர்ராதி போன்ற ஊர்களுக்கு இது வெளியுலகை அருகில் கொண்டுவந்தது.

படகோட்டியின் மகன்

ஸ்தெஃபானோ பெல்லோனி 1824இல், பஞ்ஞகவல்லோ ஊரை அடுத்த பொன்செல்லீனோ என்னும் சிற்றூரில் பிறந்தான். அவ்வூர் லமோனே ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஃபயென்சாவுக்கு அப்பால் சமவெளியில் உள்ளது. தந்தை ஆட்களை ஆற்றின் அக்கரைக்குக் கொண்டுசெல்லும் படகோட்டி. 'பஸ்ஸத்தோரே' என்றால் அக்கரை சேர்ப்பவன் என்று பொருள். தந்தையின் தொழிற்பெயரே மகனுக்குப் பட்டப்பெயரானது.

1849 முதல் 1851 வரை பெல்லோனியின் கும்பல் ரொமாஞாவை நடுங்க வைத்தது. அது குழப்பமான காலம். 1849 தொடக்கத்தில் உரோமில் குடியரசு அறிவிக்கப்பட்டு, சில மாதங்களிலேயே அந்நியப் படைகளின் துணையோடு போப்பின் ஆட்சி மீட்கப்பட்டது. ரொமாஞாவில் ஆஸ்திரியப் படைகள் முகாமிட்டன. மக்களுக்கு ஆட்சியாளர்கள் மீதும் நம்பிக்கை இல்லை, காவலர்கள் மீதும் நம்பிக்கை இல்லை. இந்த வெற்றிடத்தில்தான் கும்பல் வளர்ந்தது. வழிப்பறியோடு நிற்காமல், ஒரு முழு ஊரையே சில மணி நேரம் கைப்பற்றி, செல்வந்தர் வீடுகளை வரிசையாகக் கொள்ளையிடுவது அதன் வழக்கம். ஓட்டப் பாதையில் உள்ள பிரிசிகெல்லாவும் 1850இல் இப்படிக் கொள்ளையிடப்பட்டது.

1851 ஜனவரி 25 அன்று ஃபொர்லிம்பொப்போலி ஊரின் நாடக அரங்கில் நடந்த கொள்ளையே மிகவும் பேசப்பட்டது. நாடகம் பார்க்க ஊரின் வசதி படைத்தவர்கள் கூடியிருந்தபோது, திரை விலகியதும் மேடையில் நடிகர்களுக்குப் பதிலாகத் துப்பாக்கி ஏந்திய கொள்ளையர்கள் நின்றனர். பார்வையாளர்கள் பிணையாளிகளாயினர். ஒவ்வொருவராக வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டுப் பணமும் நகையும் பறிக்கப்பட்டன. பெண்கள் வன்முறைக்கு ஆளாயினர்.

பாதிக்கப்பட்டவர்களில் வணிகர் குடும்பம் ஒன்று இருந்தது. அக்குடும்பத்தின் மகள் ஜெர்த்ரூதே தாக்குதலின் அதிர்ச்சியில் மனநலம் இழந்து, பின்னர் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். ரொமாஞாவில் இனி வாழ முடியாது என்று முடிவு செய்த குடும்பம் புளோரன்சுக்குக் குடிபெயர்ந்தது. அவருடைய அண்ணன் பெல்லெக்ரீனோ அர்தூசி அங்கே வணிகத்தில் முன்னேறி, 1891இல் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். ஒன்றிணைந்த இத்தாலியின் வீட்டுச் சமையலுக்கு அடித்தளம் இட்ட நூலாக இன்றும் அது மதிக்கப்படுகிறது. ரொமாஞா உணவையும் தஸ்கனி உணவையும் ஒரே நூலில் சேர்த்தவர், பஸ்ஸத்தோரேயின் கும்பலால் மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு விரட்டப்பட்டவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அரங்குக் கொள்ளை நடந்து இரண்டு மாதங்களுக்குள், 1851 மார்ச் 23 அன்று, ரூஸ்ஸி ஊருக்கு அருகில் பெல்லோனி சுட்டுக் கொல்லப்பட்டான். அப்போது வயது 26. அவன் இறந்ததை மக்கள் நம்ப வேண்டும் என்பதற்காக உடலை ஒரு வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் காட்டினார்கள்.

கொள்ளையன் நாயகனான விதம்

செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்ற கதை அவன் இறப்புக்குப் பின் வேகமாகப் பரவியது. இத்தகைய கதைகள் பல நாடுகளில் உண்டு. ஆட்சி வெறுக்கப்படும் இடத்தில், அந்த ஆட்சியை ஏய்த்தவன் நல்லவனாக நினைவுகூரப்படுகிறான். கும்பல் தகவல் தருபவர்களுக்கும் அடைக்கலம் கொடுப்பவர்களுக்கும் தாராளமாகப் பணம் கொடுத்ததும், அது ஈகை என்ற பெயரைப் பெற உதவியது.

கதைக்கு இலக்கிய மதிப்பைக் கொடுத்தவர் கவிஞர் ஜொவான்னி பாஸ்கொலி. ரொமாஞாவைப் பற்றிய தம் கவிதையில் அவர் பஸ்ஸத்தோரேயைப் பண்புள்ளவனாகக் குறிப்பிட்டார். அக்கவிதை பள்ளிகளில் பரவலாகப் படிக்கப்பட்டதால் அந்த அடைமொழி நிலைத்துவிட்டது. பாஸ்கொலியின் தந்தை 1867இல் சந்தையிலிருந்து வண்டியில் வீடு திரும்பும் வழியில் மறைந்திருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டவர். கொலையாளிகள் தண்டிக்கப்படவே இல்லை. சாலையில் பதுங்கிய துப்பாக்கிக்குத் தந்தையைப் பறிகொடுத்த மகனே ஒரு கொள்ளையனைப் பண்புள்ளவன் என்று பாடியது, அந்தக் கதை ரொமாஞாவில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் தாடியும் அகன்ற தொப்பியும் கொண்ட பஸ்ஸத்தோரேயின் முகம் ரொமாஞா ஒயின்களின் அடையாளச் சின்னமானது. உணவகங்களும் விழாக்களும் அப்பெயரைச் சூடிக்கொண்டன. 1973இல் ஃபயென்சாவில் நெடுந்தொலைவு ஓட்டம் திட்டமிடப்பட்டபோது அதே பெயர் இயல்பாக வந்து சேர்ந்தது. ஜெர்த்ரூதே அர்தூசியின் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

மர்ராதியின் கவிஞர்

இத்தாலிய நவீனக் கவிதையின் முன்னோடிகளுள் ஒருவரான தீனோ கம்பானா 1885இல் மர்ராதியில் பிறந்தார். மனநலச் சிக்கல்களால் துன்புற்ற அவர் ஓயாமல் நடந்துகொண்டே இருந்தவர். இம்மலைகளைக் கால்நடையாகக் கடந்து லா வெர்னா துறவி மடம் வரை சென்ற பயணத்தைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

1913இல் கம்பானா தம் கையெழுத்துப் படியைப் புளோரன்சின் புகழ்பெற்ற எழுத்தாளர்களான பப்பீனி, சொஃபீச்சி ஆகியோரிடம் படிக்கக் கொடுத்தார். அது தொலைந்துபோனது. பலமுறை கேட்டும் திரும்பக் கிடைக்காததால், நினைவிலிருந்து மீண்டும் எழுதி 1914இல் மர்ராதியிலேயே ஓர் உள்ளூர் அச்சகத்தில் 'ஓர்ஃபிக் பாடல்கள்' என்ற நூலாக அச்சிட்டார். 1918இல் மனநல விடுதியில் சேர்க்கப்பட்ட அவர் 1932இல் அங்கேயே இறந்தார். தொலைந்த கையெழுத்துப் படி 1971இல் சொஃபீச்சியின் தாள்களுக்கிடையே கிடைத்தது. மலையோர ஊர் ஒன்றின் இளைஞரைப் பெருநகரம் எவ்வளவு பொருட்படுத்தியது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகச் சொல்லப்படுகிறது.

1944: போர்க்களமான சாலை

1944 கோடையில் செருமானியப் படைகள் அப்பென்னைன் மலைமீது 'கோத்திக் கோடு' என்னும் பாதுகாப்பு அரணை அமைத்தன. புளோரன்சிலிருந்து ஃபயென்சா செல்லும் சாலை அந்த அரணை ஊடறுத்துச் சென்றது. அரணுக்குப் பின்புறம் எதிர்ப்புப் போராளிகள் இயங்குவதைத் தடுக்கச் செருமானியர் பொதுமக்கள் மீது பழிதீர்த்தனர். ஜூலை மாதத்தில், கணவாய்க்கும் மர்ராதிக்கும் இடைப்பட்ட கிரெஸ்பீனோ என்னும் சிற்றூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நாற்பதுக்கும் மேற்பட்ட குடிமக்களைச் சுட்டுக் கொன்றனர். பங்குத்தந்தையும் கொல்லப்பட்டவர்களுள் ஒருவர். கணவாயிலிருந்து இறங்கும் ஓட்டக்காரர்கள் இரவில் இவ்வூரின் வழியாகத்தான் செல்கிறார்கள்.

செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் அரணை உடைத்தன. இம்மலைப்பகுதியில் போரிட்ட பிரித்தானிய 13ஆவது படைப்பிரிவில் இந்திய 8ஆவது டிவிஷனும் இடம்பெற்றிருந்தது. மலை கடந்த பிறகும் மழையும் சேறும் முன்னேற்றத்தைத் தடுத்தன. ஃபயென்சா டிசம்பர் நடுவில்தான் மீட்கப்பட்டது. லமோனே ஆற்றைக் கடந்து நடந்த அந்தச் சண்டையில் நியூசிலாந்துப் படையினரும் இந்திய இராணுவத்தின் கூர்க்கா வீரர்களும் ஈடுபட்டனர். அருகிலுள்ள ஃபொர்லி நகரில் இந்திய இராணுவ வீரர்களுக்கென்று தனிக் கல்லறைத் தோட்டமும், தகனம் செய்யப்பட்டவர்களுக்கான நினைவிடமும் உள்ளன.

பின்வாங்கிய செருமானியர் இரயில் பாலங்களையும் சுரங்கங்களையும் தகர்த்துச் சென்றனர். மலை இரயில் பாதையின் ஒரு பகுதி 1957இல் மீண்டும் இயங்கியது. புளோரன்சை நேரடியாக இணைக்கும் பகுதி 1999இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

ஓட்டத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

போருக்குப் பின் இத்தாலியின் மலையூர்களிலிருந்து மக்கள் நகரங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பெயர்ந்தனர். விரைவு நெடுஞ்சாலைகள் வந்ததும் பழைய மலைச்சாலைகளில் போக்குவரத்துக் குறைந்தது. அந்நிலையில்தான் புளோரன்சையும் ஃபயென்சாவையும் கால்நடையாக இணைக்கும் எண்ணம் உருவானது. சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் 1959 முதல் நடந்துவந்த நூறு கிலோமீட்டர் இரவு ஓட்டம் போன்றவை ஐரோப்பாவில் இத்தகைய போட்டிகளுக்கு வழிகாட்டியிருந்தன.

இருபது மணி நேரம் என்ற கால வரம்பு இப்போட்டியின் தன்மையைத் தீர்மானிக்கிறது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்ற சராசரி இருந்தால் போதும். எனவே விரைந்து நடக்கக்கூடியவர்களும் இதை முடிக்கலாம். முன்னணி ஓட்டக்காரர்கள் பகல் வெளிச்சத்திலேயே கணவாயைத் தாண்டி, இரவு பத்து மணிக்குள் ஃபயென்சாவின் மையச் சதுக்கத்தை அடைந்துவிடுவார்கள். மற்றவர்கள் தலைவிளக்குடன் விடிய விடிய நடந்தும் ஓடியும் வருவார்கள். வழியோர ஊர்களில் மக்கள் விழித்திருந்து தண்ணீரும் சூடான உணவும் கொடுப்பார்கள்.

இப்பாதையின் வெற்றியாளர்களில் தனி இடம் பெற்றவர் ஜோர்ஜோ கல்கத்தெர்ரா. உரோமில் டாக்சி ஓட்டுநராகப் பணிபுரிந்த இவர் 2006 முதல் 2017 வரை தொடர்ந்து 12 முறை முதலிடம் பெற்றார். 2008, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் உலக வாகையராகவும் விளங்கினார். பெண்களில், 2018இல் உலக வாகையரான குரோவேசியாவின் நிகோலினா ஷுஸ்திச் இங்கும் வென்றுள்ளார்.

ஆற்றின் சீற்றம்

பெருந்தொற்றுக் காரணமாக 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் ஓட்டம் நடைபெறவில்லை. 2022இல் மீண்டும் நடந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் எமிலியா-ரொமாஞா வட்டாரத்தில் இரண்டு வாரங்களுக்குள் இருமுறை பெருமழை கொட்டியது. லமோனே ஆறு ஃபயென்சாவுக்குள் புகுந்து வீடுகளை மூழ்கடித்தது. மர்ராதி, பிரிசிகெல்லா குன்றுகளில் எண்ணற்ற நிலச்சரிவுகள் ஏற்பட்டுச் சாலைகள் துண்டிக்கப்பட்டன. சமவெளியில் ஆற்றங்கரை உடைந்த இடங்களுள் ஒன்று, படகோட்டியின் மகன் பிறந்த பொன்செல்லீனோ. ஓட்டத்துக்கு இன்னும் பத்து நாள்களே இருந்த நிலையில் அவ்வாண்டுப் போட்டி கைவிடப்பட்டது.

இந்த அழிவுக்கு மழை மட்டும் காரணமன்று. சமவெளியில் லமோனே பல நூற்றாண்டுகளாக இரு கரைகளுக்குள் அடைக்கப்பட்டு, சுற்றியுள்ள நிலத்தைவிட உயரமாக ஓடுகிறது. கரை உடைந்தால் வெள்ளம் ஆற்றுக்குத் திரும்ப வழியில்லை. மலையிலோ, மக்கள் வெளியேறியபின் படிக்கட்டு நிலங்களும் ஓடைகளும் பராமரிப்பின்றிக் கிடக்கின்றன. களிமண் சரிவுகள் நீரில் ஊறி நழுவுகின்றன. 2024 செப்டம்பரில் இதே ஆறு பஞ்ஞகவல்லோவின் மற்றொரு சிற்றூரான திரவெர்சாராவில் கரையை உடைத்து வீடுகளை இடித்துத் தள்ளியது.

சாலைகள் சீரமைக்கப்பட்டபின் 2024 மே மாதத்தில் ஓட்டம் மீண்டும் நடந்தது. 2025இல் ஐம்பதாவது ஓட்டமும் நிறைவுற்றது. பெரிய வாகனப் போக்குவரத்து வேறு வழிகளுக்கு மாறிவிட்ட நிலையில், லமோனே பள்ளத்தாக்கின் ஊர்களை ஆண்டுக்கு ஓர் இரவேனும் வெளியூர் மக்கள் கடந்து செல்லும் நிகழ்வாக இது நீடிக்கிறது. அந்த ஓட்டம் நடைபெற வேண்டுமானால் சரிவுகள் தாங்கப்பட வேண்டும், பாலங்கள் நிற்க வேண்டும், ஊர்களில் விளக்கேற்றிக் காத்திருக்க ஆட்கள் வேண்டும். மர்ராதியிலும் பிரிசிகெல்லாவிலும் ஆண்டு முழுவதும் வாழ்பவர்களுக்குத் தேவையானவையும் இவையே.